யாருக்கு? எவ்வளவு? என்ன பக்க விளைவு? – புதிய மருத்துவ ஆய்வுகளும் நமது குடும்ப டாக்டரும்

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஒரு குடும்ப டாக்டர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"சமீபத்திய மருத்துவ ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நியாயமான வேண்டுகோள்தான். முன்பெல்லாம் ஒரு ஆராய்ச்சியின் முடிவு முதலில் டாக்டருக்குத் தெரியும், பிறகுதான் நோயாளிக்கு. இப்போது நிலைமை தலைகீழ். காலையில் நான் கிளினிக்கைத் திறப்பதற்குள் உங்கள் மொபைலில் செய்தி வந்துவிடுகிறது. போதாததற்கு அமெரிக்காவிலிருந்து பிள்ளை போன் செய்து, "அப்பா, அந்த மாத்திரையை உடனே நிறுத்து" என்கிறான். பங்களூரிலிருந்து மாப்பிள்ளை, "வேண்டாம், தொடர்ந்து சாப்பிடுங்கோ" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் நீங்கள்.

ஆகவே இன்று நான் ஆறு ஆய்வு விஷயங்களைச் சொல்லப் போகிறேன். அதைவிட முக்கியமாக, எந்த ஆய்வுச் செய்தி வந்தாலும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சொல்லப் போகிறேன். ஆறும் மறந்து போனாலும் பரவாயில்லை. மூன்றை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு நல்ல மருந்து ஆய்வு எப்படி நடக்கிறது? ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போல இரண்டு கோஷ்டியாகப் பிரிக்கிறார்கள். ஒரு கோஷ்டிக்கு மருந்து. மற்றதற்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. சில வருஷங்கள் கழித்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கணக்குப் பார்க்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது: ஒன்று, இது யாருக்குச் செய்யப்பட்டது? அவர்கள் என்னைப் போன்றவர்களா? இரண்டு, நூறு பேரில் எத்தனை பேருக்குப் பலன்? மூன்று, அந்தப் பலனுக்கு என்ன பக்க விளைவு? யாருக்கு, எவ்வளவு, என்ன பக்க விளைவு – இவ்வளவுதான்.

ஆஸ்பிரின்

"அறுபது வயதாகிவிட்டது, ஒரு சின்ன ஆஸ்பிரின் தினம் போட்டுக்கொண்டால் ஹார்ட்டுக்கு நல்லது" என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லிவந்தோம். 2018-ல் 'ஆஸ்ப்ரீ' என்ற ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேர். பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர்கள். எவருக்கும் அதுவரை ஹார்ட் அட்டாக்கோ பக்கவாதமோ வந்ததில்லை. ஏறக்குறைய ஐந்து வருஷம் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஆயுளிலோ ஆரோக்கியத்திலோ கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. பெரிய ரத்தக் கசிவு மட்டும் கூடிற்று. வெறும் மாத்திரை கோஷ்டியில் நூற்றுக்கு 2.8 பேர், ஆஸ்பிரின் கோஷ்டியில் 3.8 பேர். அதே வருஷம் 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 'அசெண்ட்' ஆய்வில், இதய நோய், பக்கவாதம் போன்றவை 9.6 சதவிகிதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. ஆனால் ரத்தக் கசிவு 3.2-லிருந்து 4.1 ஆக உயர்ந்தது. ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொண்ட மாதிரி. 2022-ல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிபுணர் குழு, 60 வயதுக்கு மேல் இதய நோய் இல்லாதவர்கள் புதிதாக ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இங்கேதான் முதல் கேள்வியின் மகிமை. "ஆஸ்பிரின் ஆபத்து" என்று நான்கு வரியில் செய்தி வந்ததும், ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் ஆனவர்களும் கூட மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். அந்த ஆய்வு அவர்களைப் பற்றியதே அல்ல! ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை உயிர் காப்பது. அதைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் டப்பாவில் ஆஸ்பிரின் இருந்தால், "இது எதற்காக ஆரம்பித்தது? இன்னும் வேண்டுமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் தொடரவும் வேண்டாம்.

ரத்த அழுத்தம்

பி.பி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பழைய சர்ச்சை. 2015-ல் அமெரிக்காவின் 'ஸ்பிரிண்ட்' ஆய்வு, மேல் எண்ணை 140-க்குக் கீழே வைப்பதா, 120-க்குக் கீழே கொண்டுவருவதா என்று 9,361 பேரிடம் சோதித்தது. 120 கோஷ்டியில் ஹார்ட் அட்டாக், பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை கால் பங்கு குறைந்தன. சர்க்கரை நோயாளிகள் அதில் சேர்க்கப்படவில்லை. அந்தக் குறையை 2024-ல் சீனாவின் 'பிப்ரோட்' ஆய்வு தீர்த்தது. 12,821 சர்க்கரை நோயாளிகளிடமும் ஏறக்குறைய அதே மாதிரி பலன் தெரிந்தது.

மூன்றாவது கேள்வியை மறக்கக் கூடாது. ஸ்பிரிண்டில் 120 கோஷ்டியில் தலைசுற்றி மயங்கி விழுவதும் சிறுநீரகக் கோளாறும் கூடுதலாக இருந்தன. 85 வயதில், தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருக்கும் மாமி, ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், 120 என்ற எண் அவருக்கு என்ன பிரயோஜனம்? எண்ணை நிர்ணயிப்பதற்கு முன், மனிதரைப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று. ஸ்பிரிண்டில் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்து, மிஷினால் பல தடவை அளந்து சராசரி எடுத்தார்கள். நாம் எப்படி அளக்கிறோம்? மாடிப்படி ஏறி வந்து, பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டு. 2024-ல் அமெரிக்காவில் 133 பேரிடம் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. கையை மேஜைமேல் இதய மட்டத்தில் வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் எண் சுமார் 4 கூடுதலாகக் காட்டிற்று; பக்கத்தில் தொங்கவிட்டபோது சுமார் 6.5 கூடுதல். செலவில்லாத ஆய்வு, பெரிய உபகாரம். இந்த வித்தியாசத்துக்காக எத்தனை பேருக்கு ஒரு மாத்திரை கூடியிருக்குமோ! வீட்டில் அளக்கும்போது முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை மேஜைமேல் இருக்கட்டும். காபி குடித்த அரை மணிக்குள் அளக்க வேண்டாம். அளக்கும்போது பேச வேண்டாம். இது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்!

பி.பி. மாத்திரையை ராத்திரி சாப்பிட்டால்தான் நல்லது என்று சில வருஷங்கள் முன்பு ஒரு செய்தி பரவிற்று. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்த 'டைம்' ஆய்வு 2022-ல் அதற்கு முடிவு கட்டிற்று. காலையோ ராத்திரியோ, வித்தியாசம் இல்லை. உங்களுக்கு எந்த நேரத்தில் மறக்காதோ, அதுவே நல்ல நேரம். டாக்டர் உங்களுக்கென்று ஒரு நேரம் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

உப்பு

வடுமாங்காய், ஆவக்காய், நார்த்தங்காய், அப்பளம், மோர்மிளகாய் – இவற்றை நிறுத்துங்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை. "டாக்டர், ஊறுகாய் இல்லாமல் தயிர் சாதமா?" என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை.

2021-ல் வெளியான ஒரு ஆய்வு வேறு வழி பார்த்தது. சீனாவின் 600 கிராமங்களில், முன்பு பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைக் கடந்து பி.பி. உள்ளவர்களுமாக 20,995 பேர். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களில், சோடியம் குளோரைடு முக்கால் பங்கும் பொட்டாசியம் குளோரைடு கால் பங்கும் கலந்த உப்பு. ஏறக்குறைய ஐந்து வருஷத்தில், உப்பை மாற்றிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவிகிதமும் மரணம் 12 சதவிகிதமும் குறைந்தன. யாரும் ருசியைத் துறக்கவில்லை; டப்பாவில் இருக்கும் உப்பு மட்டும் மாறிற்று. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பை வீட்டுச் சமையலுக்கு ஆதரித்து வழிகாட்டுதல் வெளியிட்டது.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். "யாருக்கு?" என்று கேளுங்கள். கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைத்துவிடும். நம்மில் பலர் சாப்பிடும் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ஆகவே கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகே மாற்றுங்கள். ஒரே அடுப்பில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சமையல் ஆகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: இந்துப்பு இந்த வகை அல்ல. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம்தான் வேறு.

சாதமா, சப்பாத்தியா?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. சென்னையிலுள்ள மதறாஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வில் 1,13,043 பேரைப் பரிசோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி நாட்டில் 11.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 15.3 சதவிகிதம் பேர் அதன் வாசற்படியில், 35.5 சதவிகிதம் பேருக்கு ரத்த அழுத்தம்.

அதே குழு 2025-ல் உணவைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டது. நாம் சாப்பிடும் மொத்த கலோரியில் 62 சதவிகிதம் மாவுச் சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானிய மாவோ மாற்றி, மொத்த மாவுச் சத்தைக் குறைக்காமல் விட்டால், சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்த கலோரியில் மாவுச் சத்திலிருந்து வரும் 5 சதவிகிதத்தைப் பருப்பு போன்ற தாவரப் புரதத்தாலோ பால் தயிர்ப் புரதத்தாலோ ஈடுகட்டியவர்களிடம் அபாயம் குறைவாக இருந்தது. இது சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வல்ல. சாப்பாட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்த்தது. ஆகவே நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வடக்கே வந்து குடியேறிய நம்மவர்கள், "சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன், இன்னும் சுகர் குறையவில்லையே" என்று கேட்பதற்கு இதில் விடை இருக்கிறது. நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு சப்ஜியும் சாதத்துக்குத் தம்பிதான். தட்டில் சாதம் ஒரு பிடி குறையட்டும். அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், பயறு, தயிர், காய்கறி வரட்டும். நமக்குத் தெரியாத சமையல் ஒன்றும் இல்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு புரதம் என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

வாசற்படியில் இருப்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வையும் நினைவுபடுத்துகிறேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 531 பேரிடம் செய்து 2006-ல் வெளியிட்டது. மூன்று வருஷத்தில், எதுவும் செய்யாமல் இருந்தவர்களில் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களில் 39.3 சதவிகிதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன் இல்லை. நடைக்கும் மாத்திரைக்கும் ஏறக்குறைய ஒரே பலம் என்று நம் ஊர் ஆய்வே சொல்கிறது.

ஸ்டென்ட்

நெஞ்சுவலி திடீரென்று வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஸ்டென்ட் உயிரைக் காக்கும். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. நான் சொல்லப்போவது வேறு விஷயம். முழு உடல் பரிசோதனை பாக்கேஜ், அதில் டிரெட்மில் சரியில்லை, உடனே ஆஞ்சியோகிராம், மேஜைமேல் படுத்திருக்கும்போதே "அடைப்பு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" – இந்த வரிசை உங்களில் பலருக்குப் பரிச்சயம்.

2020-ல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் 37 நாடுகளில் 5,179 பேர் இருந்தார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. நோய் நிலையாக இருந்தவர்கள். ஆனால் பரிசோதனையில் இதயத்துக்கு ரத்த ஓட்டம் கணிசமாகக் குறைவு என்று தெரிந்தவர்கள். பாதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ். பாதிப் பேருக்கு முதலில் மருந்து மட்டும். சுமார் மூன்று வருஷத்தில் மரணத்திலும் ஹார்ட் அட்டாக்கிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அடிக்கடி நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு ஸ்டென்ட் வலியை நன்றாகக் குறைத்தது. முக்கியமான இடதுபக்க மூலக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் சக்தி மிகக் குறைந்தவர்களும் இதில் சேரவில்லை. அவர்கள் கணக்கு வேறு.

இதனால் உங்களுக்கு என்ன? வலி இல்லாமல், நிலையாக இருக்கும் நோயில் பெரும்பாலோருக்கு யோசிக்க அவகாசம் உண்டு. "இது இன்றே செய்ய வேண்டியதா, ஒரு வாரம் கழித்து என் டாக்டரிடம் கலந்து பேசிச் செய்யலாமா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பு இல்லை.

காது

கடைசியாக, யாரும் வியாதி என்றே ஒப்புக்கொள்ளாத ஒன்று. 2023-ல் வெளியான 'அச்சீவ்' ஆய்வு, அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை காது மந்தமான 977 பேரிடம் நடந்தது. காது மிஷின் கொடுத்தால் ஞாபகசக்தி தேய்வது தாமதப்படுமா என்பது கேள்வி. மூன்று வருஷத்தில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் இல்லை. ஆனால் வயதும் நோய்களும் கூடுதலாக இருந்து, அபாயம் அதிகமாக இருந்த பிரிவினரிடம் தேய்மானம் 48 சதவிகிதம் மெதுவாயிற்று. பாருங்கள், இங்கேயும் "யாருக்கு?" என்பதுதான் விடை. காது மிஷின் மறதியைத் தடுக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் காது கேட்காத பெரியவர் முதலில் போனை விடுகிறார், பிறகு கச்சேரியை விடுகிறார், பிறகு இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருவதை விடுகிறார். கண்ணுக்குக் கண்ணாடி போடத் தயங்காத நாம் காதுக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

செய்ய வேண்டியது

இந்த ஆறிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. ஆய்வு ஆயிரம் பேரின் சராசரியைச் சொல்கிறது. நீங்கள் சராசரி அல்ல, நீங்கள் ஒருவர். உங்கள் கிரியாட்டினின் என்ன, வீட்டில் யார் சமைக்கிறார்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், போன வருஷம் விழுந்தீர்களா – இத்தனையும் தெரிந்த ஒருவர்தான் அந்த ஆய்வை உங்களுக்குப் பொருத்திப் பார்க்க முடியும். அவர்தான் குடும்ப டாக்டர்.

மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் மல்லேஸ்வரத்திலும், நம் பெரியவர்கள் பலருக்கு இன்று இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று நிபுணர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். ஆளுக்கு மூன்று மாத்திரை எழுதுகிறார்கள். மொத்த டப்பாவையும் பார்க்க மட்டும் ஆள் இல்லை. முழங்கால் வலிக்கு எழுதிய மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதும், பி.பி. மாத்திரையின் கால் வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேர்வதும் இப்படித்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், மருந்துக் கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்து மாதா மாதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே மூன்று வேண்டுகோள். முதலாவது, உங்கள் பேட்டையில் ஒரு குடும்ப டாக்டரைத் தேர்ந்தெடுத்து, அவரோடு நிலையாக இருங்கள். இரண்டாவது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டிலிருக்கும் அத்தனை மருந்தையும், ஆயுர்வேதம், ஹோமியோபதி, வைட்டமின் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் அவர் மேஜைமேல் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, "இது எதற்கு? இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். மூன்றாவது, மருந்துகளின் பட்டியலை ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதி பர்ஸிலும் ஒரு பிரதி பிரிட்ஜ் கதவிலும் வையுங்கள். அவசரத்தில் ஆம்புலன்ஸில் வருபவருக்கு அது எவ்வளவு உபயோகம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் அங்கத்தினர்களாக டாக்டர்கள் இருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரத்தப் பரிசோதனை முகாமுக்குப் பதில், "மருந்துப் பை பார்க்கும் நாள்" என்று வைக்கலாம். யாருக்கும் புதிதாக மருந்து எழுத வேண்டாம். இருப்பதைப் பார்த்து, குடும்ப டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தாலே போதும். தனியாக இருக்கும் பெரியவர்களை இளைஞர்கள் வண்டியில் அழைத்து வரட்டும். இங்கே நானும் ஒரு மேஜை போட்டு உட்காரத் தயார். தேதியைக் காரியதரிசி சொல்லட்டும்.